டீசல் பிக்கப்பில் நிமிர்ந்த புகைக்குழாய்: வடிகட்டியைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்

கேள்வி: என் டீசல் பிக்கப்பில் கேபினுக்குப் பின்னால், லோடு பாடியின் இரு மூலைகளிலும் நிமிர்ந்த புகைக்குழாய்கள் பொருத்த ஆசைப்படுகிறேன். வண்டி வேறொருவரிடமிருந்து வாங்கியது. பட்டறைக்காரர், "டிபிஎஃப் வடிகட்டியை (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி) எடுத்தால்தான் புகை மேலே ஏறும், இல்லையென்றால் இன்ஜின் திணறும்" என்கிறார். அது உண்மையா? மழைத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி இன்ஜினைக் கெடுத்துவிடுமா?

பதில்: பட்டறைக்காரர் சொன்னது பொய். தெரியாமல் சொல்லியிருந்தால் அவருக்கு இந்த வேலை தெரியாது. தெரிந்தே சொல்லியிருந்தால் இன்னும் மோசம். இரண்டில் எதுவானாலும் உங்கள் வண்டி அவரிடம் போகக் கூடாது.

புகை தானாக மிதந்து மேலே ஏறுவதில்லை. இன்ஜின்தான் அதை அழுத்தித் தள்ளுகிறது. குழாய் படுத்திருந்தாலும் நிமிர்ந்திருந்தாலும் அந்த அழுத்தத்துக்கு ஓரிரு மீட்டர் உயரம் ஒரு பொருட்டல்ல. நெடுஞ்சாலைகளில் ஓடும் கனரக லாரிகளைப் பாருங்கள். டிபிஎஃப் வடிகட்டியும், யூரியாக் கரைசல் தெளித்து நச்சு வாயுவைக் குறைக்கும் எஸ்சிஆர் அமைப்பும் இருக்கும்போதே, நிமிர்ந்த புகைக்குழாயுடன் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்த லாரிகள் ஏராளம். நாற்பது டன் இழுக்கிற இன்ஜின் திணறவில்லை, உங்கள் பிக்கப் மட்டும் எப்படித் திணறும்?

அப்படியானால் ஏன் கழற்றச் சொல்கிறார்கள்? வடிகட்டி போன இடத்தில் வெறும் குழாய் வைக்க ஒரு கூலி. வடிகட்டி இல்லாததைக் கவனித்து இன்ஜின் கம்ப்யூட்டர் எச்சரிக்கை விளக்கைப் போடும்; அதை ஏமாற்றும் மென்பொருளுக்கு இன்னொரு கூலி. மூன்றாவது வருமானத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வடிகட்டிக்குள் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கின்றன. "கழற்றிய பழைய பொருளை நாங்களே அப்புறப்படுத்திவிடுகிறோம்" என்று இனிக்க இனிக்கச் சொல்பவர், உங்கள் பொருளை உங்களிடமே கூலி வாங்கிக்கொண்டு எடுத்துப்போகிறார். நாளை சோதனையில் மாட்டி, திரும்ப வடிகட்டி வைக்க வேண்டும் என்ற நிலை வந்தால், புதிய வடிகட்டியின் விலையைக் கேட்டுத் தலைசுற்றப்போவது நீங்கள்தான்.

இந்தக் குழாய் மோகம் பெரிதாகப் பரவிய அமெரிக்காவில், வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றுவது தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம். 1990-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பட்டறைக்கு மட்டுமல்ல, தன் வண்டியில் தானே கைவைக்கும் தனிநபருக்கும் அது பொருந்தும். அப்படியும் பத்தாண்டுக் காலத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இந்தக் கருவிகள் கழற்றப்பட்டுவிட்டன என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது. கருவியைக் கழற்றிய இடத்தில் வைக்கும் மாற்றுப் பொருள்களை, "பந்தய வண்டிக்கு மட்டும்" என்று பெட்டியின் மேல் ஒரு வரி அச்சடித்துவிட்டு, சாலையில் ஓடும் வண்டிகளுக்கே விற்றார்கள். அந்த வரி உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். அது விற்றவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிக்கொண்டது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. உங்கள் குழாயிலிருந்து கிளம்பும் கரியை முதலில் சுவாசிக்கப்போவது உங்கள் பின் இருக்கையில் உட்காரும் பிள்ளைகள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வண்டி கைமாறி வந்தது என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 2007 மாடல் ஆண்டை ஒட்டித்தான் டிபிஎஃப் பரவலாக வந்தது. வேறு நாடுகளில் ஆண்டு மாறும். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே வடிகட்டி கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில் கழற்றுவதற்கும் ஒன்றுமில்லை, ஏமாற்றுவதற்கும் ஒன்றுமில்லை. குழாயை நிமிர்த்துவது சுலபம். ஆனால் "வடிகட்டி இல்லாமல் வந்த வண்டி" வேறு, "வடிகட்டியை யாரோ பிடுங்கிய வண்டி" வேறு. கீழே படுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய உரிமையாளர் கழற்றிவிட்டு உங்கள் தலையில் கட்டியிருக்கலாம். பானெட்டைத் திறந்தால் பல வண்டிகளில் உள்பக்கத்திலோ ரேடியேட்டர் பக்கத்திலோ மாசுக் கட்டுப்பாட்டு விவரங்கள் அச்சிட்ட ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். அதில் டிபிஎஃப், எஸ்சிஆர் போன்ற எழுத்துகள் இருந்தால், வண்டி அவற்றோடுதான் பிறந்தது. தாளில் இருந்து கீழே இல்லை என்றால் உங்களிடம் இருப்பது ஏற்கெனவே கைவைத்த வண்டி. தாளே கிழிக்கப்பட்டிருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். வடிகட்டி இருந்த இடத்தில் புதிய வெல்டிங் தழும்பு, எதிலும் மாட்டாமல் கட்டித் தொங்கவிட்ட சென்சார் வயர், எப்போதும் காலியாகக் கிடக்கும் யூரியா டேங்க் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். அப்படி இருந்தால் குழாய் ஆசையைத் தள்ளிவையுங்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இந்த விஷயத்தில் சோதனை அதிகாரிகளின் போக்கு எனக்குச் சினத்தைத்தான் தருகிறது. வடிகட்டியைக் கழற்றி, பழைய குழாயைப் படுத்தபடியே விட்ட வண்டி எத்தனையோ இடங்களில் தடையின்றித் தேறிவிடுகிறது. எல்லாக் கருவியும் சரியாக இருந்து, குழாய் மட்டும் நிமிர்ந்திருக்கும் வண்டியைக் கண்டதும் ஒதுக்கி நிறுத்துகிறார்கள். கீழே குனிந்து ஒரு நிமிடம் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதனால் வடிகட்டி, சென்சார் எல்லாம் தெரியும்படி புகைப்படம் எடுத்து வண்டியிலேயே வைத்திருங்கள். குழாயின் உயரம், சத்தம் பற்றி உங்கள் ஊர் விதியை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

வேலையில் நீங்கள் வற்புறுத்த வேண்டியது ஒன்றுதான்: கடைசி சென்சாரைத் தாண்டிய பிறகே குழாயை வெட்ட வேண்டும். வடிகட்டிக்குப் பின்னாலும் வெப்பத்தையும் வாயுவையும் அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. அவை இருக்கும் இடத்தை நகர்த்தினால் அளவு பிசகி, விளக்கு எரியத் தொடங்கும்.

பலர் கோட்டைவிடுவது வேறொரு இடத்தில். லோடு பாடியும் சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) ஒன்றாக அசைவதில்லை. பள்ளத்தில் ஏறி இறங்கும்போது இரண்டும் தனித்தனியாக முறுக்கிக்கொள்ளும். கீழ்க்குழாய் சேசிஸில் தொங்குகிறது, மேல்குழாய் பாடியில் நிற்கிறது. இரண்டையும் வளையாமல் வெல்டிங் செய்து இணைத்தால், சில மாதத்தில் இணைப்பு விரிசல் விட்டுக் கேபினுக்கு நேர் கீழே புகை கசியும். நடுவில் சுருள்போல் வளையும் நெகிழ்குழாய் கட்டாயம் வேண்டும். பாடியில் போடும் துளையும் குழாயைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். துளை போடும் முன் அடியில் பிரேக் குழாய், டீசல் குழாய், வயர் கட்டு எங்கே ஓடுகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும்.

வடிகட்டி தன்னுள் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்போது அதற்குள் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை எட்டும். அந்த நேரத்தில் மேல்குழாயும் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். சரக்கோ, கயிறோ, தார்ப்பாயோ அதில் படாதபடி துளையிட்ட வெப்பக் கவசம் போடுங்கள்.

இனி மழை. ஓடும் வண்டியில் கவலை இல்லை. புகையின் வேகமே தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஆபத்து நிற்கும்போதுதான். நேராக வானத்தைப் பார்த்த குழாயில் இரவெல்லாம் மழை இறங்கினால், தண்ணீர் அடியிலுள்ள வளைவில் தேங்கும். குழாய் வடிகட்டியை நோக்கிச் சரிந்திருந்தால் அதற்கும் எஸ்சிஆருக்கும் ஓடிப்போய்ச் சேரும். அதனால் நுனி பின்பக்கம் நன்றாக வளைந்திருக்கட்டும். சாய்வாக வெட்டிய நுனி பார்க்க அழகு. மழையை முழுவதும் தடுக்காது. அடி வளைவின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஆறு மில்லிமீட்டர் வடிகால் துளை ஒன்று போடச் சொல்லுங்கள். அது கடைசி சென்சாருக்கு அப்பால் இருந்தால் சென்சாரின் அளவு பிசகாது. இரவில் மூடி போடுவதாக இருந்தால், நினைவூட்டலுக்கு ஒரு பட்டையை ஸ்டியரிங்கில் சுற்றிவிடுங்கள். மூடியை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. வண்டி கழுவும் இடத்திலும் மேலிருந்து தண்ணீர் கொட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கேபினுக்குப் பின்னால் காற்று சுழன்று புகையை உள்ளிழுக்கும். குழாய் நுனி கேபின் கூரைக்கு மேலே இருக்க வேண்டும். பின் கண்ணாடியின் ரப்பர் பழசாகியிருந்தால் மாற்றுங்கள். பின் கண்ணாடியைத் திறந்துவைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் கைவிடுங்கள்.

கடைசியாக, ரசீதில் "டிபிஎஃப், எஸ்சிஆர், சென்சார்கள் எதுவும் அகற்றப்படவில்லை, மென்பொருள் மாற்றப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். இதை வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் சாவியைக் கொடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.