கண்மாய்க்கு வானத்திலிருந்து ஒரு சாட்சி

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஊர். சின்ன வயதில் பார்த்த கண்மாயில் இப்போது பாதிகூட இல்லை. கருவேலம் மண்டிவிட்டது, ஓரத்தில் யாரோ வேலியும் போட்டிருக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தோடு மனு கொடுக்கலாம் என்கிறான் மகன். வெளிநாட்டுப் படத்தை எடுத்தால் வில்லங்கம் வருமா? செலவு எவ்வளவு?

பதில்: வில்லங்கமும் இல்லை, செலவும் இல்லை. ஒரு நாடு எடுத்த படம், படத்தில் உள்ள நாட்டுக்குப் பாகுபாடின்றி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1986-லேயே கோட்பாடு வகுத்தது. ஐரோப்பா அதையும் தாண்டி, தன் சென்டினல் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறது. தரவுகளைப் பகிர்ந்துகொள்ள 2018-ல் இந்தியாவோடு ஒப்பந்தமும் போட்டது.

மகனை 'கோப்பர்நிக்கஸ் பிரௌசர்' என்ற ஐரோப்பிய இணையதளத்தில் சென்டினல்-2 படங்களைத் தேடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகைப் படங்கள் வேண்டாம், மேகம்தான் தெரியும். பொங்கலை ஒட்டிய நாட்கள்தான் நம் பக்கத்துக்குத் தோது: கண்மாயில் தண்ணீர் இருக்கும், வானமும் வெளுத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் நிறமாக்கிக் காட்டும் பொய்வண்ணப் படமாகப் (false colour) பார்த்தால் தண்ணீர் கருப்பாகவும் செடிகொடி சிவப்பாகவும் தெரியும். தாமரை மூடிய தண்ணீரும் சிவப்பாகத்தான் தெரியும், அதையெல்லாம் கருவேலம் என்று எழுதிவிடாதீர்கள்! மழை பொய்த்த வருடத்தையும் கொட்டிய வருடத்தையும் ஒப்பிட்டால் கதையே மாறிவிடும். நல்ல மழை பெய்த வருடங்களாகவே பொறுக்கி எடுங்கள்.

சென்டினல்-2 படங்கள் 2015-லிருந்துதான் உண்டு. உங்கள் சின்ன வயதுக் கண்மாயைத் தேட அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. 2008-லிருந்து அவையும் இலவசம். ஆனால் அதில் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், கிட்டத்தட்ட 22 சென்ட். சென்டினலில் 10 மீட்டர், சுமார் இரண்டரை சென்ட். நீர்ப்பரப்பு சுருங்கியதைக் காட்ட இது போதும். ஐந்து சென்டை வளைத்த வேலி என்றால் சென்டினலில்கூட இரண்டே புள்ளி. அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

எல்லையைச் சொல்வது வருவாய்த்துறையின் புல வரைபடமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (ஊரின் நிலப் பதிவேடு)தான். சர்வே எண்ணோடு அவற்றின் நகலை வாங்கி, படங்களைப் பின்னிணைப்பாக வையுங்கள். மனுவில் 'ஆக்கிரமிப்பு நிரூபணமானது' என்று எழுதாமல், 'அளந்து எல்லை காட்ட வேண்டும்' என்று கேளுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதியும் செயற்கைக்கோளின் பெயரும் இருக்கட்டும்.