வாசகர் கேள்வி – பதில்: சான்ஃபிரான்சிஸ்கோவின் மூன்று தொட்டிகள்

கேள்வி: 2020-ஆம் ஆண்டுக்குள் குப்பையே இல்லாத நகரமாகிவிடப் போவதாக அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ அறிவித்திருந்ததாகப் பல ஆண்டுகளுக்கு முன் படித்தேன். அந்தத் திட்டம் நிறைவேறியதா?
– வாசகர், ஈரோடு

பதில்: நிறைவேறவில்லை. ஆயினும் ‘தோல்வி’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் வாழும் அந்நகரம், 2010-க்குள் தன் குப்பையில் 75 சதவீதத்தைக் கிடங்குக்குப் போகாமல் தடுப்பது என்று 2002-இல் தீர்மானித்தது. 2020-க்குள் கிடங்குக்கு எதுவுமே போகக் கூடாது என்ற இலக்கையும் அதைத் தொடர்ந்து வகுத்துக்கொண்டது. அறிவிப்போடு நின்றுவிடாமல், கட்டட இடிபாடுகளை மறுசுழற்சிக்கு அனுப்பும் விதியை 2006-இலும், பெரிய அங்காடிகளில் பிளாஸ்டிக் பைகளுக்கான தடையை 2007-இலும் (அமெரிக்க நகரங்களில் இதுவே முதல் தடை), வீடு, கடை, அலுவலகம் என யாராயினும் குப்பையைத் தரம் பிரித்தே தர வேண்டும் என்ற கட்டாயச் சட்டத்தை 2009-இலும் கொண்டுவந்தது. 2012-இல் 80 சதவீதத்தை எட்டிவிட்டதாக நகர நிர்வாகம் பெருமையுடன் அறிவித்தது. அதற்குப் பிறகு கிடங்குக்குப் போகும் குப்பையின் எடை மீண்டும் ஏறத் தொடங்கியது. 2020 வந்தபோது, கிடங்குக்குப் போகும் குப்பைக்கான கறுப்புத் தொட்டிகள் தெருவோரத்தில் அப்படியேதான் நின்றன.

கேள்வி: சான்ஃபிரான்சிஸ்கோவில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். பீட்சா வந்த அட்டைப் பெட்டியை, காகிதம்தானே என்று நீலத் தொட்டியில் போட்டேன். மகள் அதை எடுத்துப் பச்சைத் தொட்டியில் போட்டாள். காரணம் கேட்டால் ‘அது அப்படித்தான் அம்மா’ என்கிறாள். நீங்களாவது சொல்வீர்களா?
– வாசகி, மதுரை

பதில்: மகள் செய்தது சரி, காரணத்தையும் சொல்லியிருக்கலாம். அங்கே காகிதம், கண்ணாடி, உலோக டப்பா, பிளாஸ்டிக் பாட்டில் ஆகியவை நீலத் தொட்டிக்கும், உணவுக் கழிவும் தோட்டக் கழிவும் பச்சைத் தொட்டிக்கும், இரண்டிலும் சேராதவை கறுப்புத் தொட்டிக்கும் போக வேண்டும். எண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஊறிய அட்டை காகித ஆலைக்கு உதவாது. பக்கத்தில் இருக்கும் நல்ல காகிதத்தையும் கெடுத்துவிடும். ஆனால் மீன்முள், காப்பிச் சக்கை, பழத்தோல் ஆகியவற்றோடு சேர்ந்தால் அதே அட்டை மக்கி உரமாகிவிடும். அந்த உரம் கலிஃபோர்னியாவின் வயல்களுக்கும், நாப்பா பகுதியின் திராட்சைத் தோட்டங்களுக்கும் போகிறது.

இந்தத் திட்டத்தின் உண்மையான சாதனை எது என்று என்னைக் கேட்டால், பச்சைத் தொட்டியைத்தான் காட்டுவேன். கிடங்கில் காற்றுப் புகாமல் புதைந்து அழுகும் உணவு, கரியமில வாயுவை விடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மீத்தேனை உண்டாக்குகிறது. ஈரக் கழிவு தனியே போய்விட்டால் அதுவும் குறையும், மற்ற பொருட்களும் விலைபோகும் தரத்தில் மிஞ்சும். பழைய காகிதத்திலும் அட்டையிலும் 0.5 சதவீதத்துக்கு மேல் மாசு கலந்திருந்தால் வாங்க மாட்டோம் என்று 2018-இல் சீனா கதவடைத்தபோதுதான், உலர்ந்த சுத்தமான காகிதத்தின் அருமை அமெரிக்க நகரங்களுக்குப் புரிந்தது.

கேள்வி: சரியாகப் பிரிக்காதவர்களுக்கு அபராதம் உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சட்டத்தில் உண்டு, வீடுகளுக்கு அது 100 டாலருக்கு மிகாது. எனினும், மூடியைத் திறந்து பார்க்கும் பணியாளர், தவறான பொருள் கண்ணில் பட்டால் தொட்டியில் ஓர் எச்சரிக்கைச் சீட்டைக் கட்டிவிட்டுப் போவதே முதல் நடவடிக்கை. இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடு ஒன்றையும் பின்னாளில் செய்தார்கள்: வீடுகளுக்குத் தரும் கறுப்புத் தொட்டியின் கொள்ளளவைப் பாதியாகக் குறைத்து, நீலத் தொட்டியை இரு மடங்காக்கினார்கள்.

கேள்வி: 80 சதவீதம் கிடங்குக்குப் போகவில்லை என்றால் பெரும் வெற்றிதானே? பிறகு இலக்கை ஏன் மாற்றினார்கள்?
– வாசகர், சென்னை

பதில்: சதவீதம் பொய் சொல்லாது; ஆனால் முழுக் கதையையும் சொல்லாது. ஒரு வீட்டில் மாதம் 100 கிலோ குப்பை சேர்ந்து, அதில் 80 கிலோவை மறுசுழற்சிக்கும் உரத்துக்கும் அனுப்பினால் கிடங்குக்குப் போவது 20 கிலோ. அடுத்த ஆண்டு அதே வீடு மாதம் 150 கிலோ சேர்த்து, அதே அக்கறையுடன் 80 சதவீதத்தைப் பிரித்தாலும், கிடங்குக்கு 30 கிலோ போய்ச் சேரும். கணக்கேட்டில் வெற்றி மாறாது. கிடங்கோ ஒன்றரை மடங்கு வேகமாக நிரம்பும். போதாக்குறைக்கு இந்தக் கணக்கு எடையை வைத்துப் போடப்படுவது. இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டும் அதில் சேரும். நான்கு லாரி கான்கிரீட் ஏற்றும் சதவீதத்தை எத்தனை ஆயிரம் பிளாஸ்டிக் உறைகளாலும் இறக்க முடியாது.

அதனால்தான் 2018-இல் நகரம் அளவுகோலையே மாற்றியது. 2030-க்குள், உருவாகும் குப்பையை 15 சதவீதமும், கிடங்குக்கோ எரிஉலைக்கோ போவதை 50 சதவீதமும் குறைப்பது என்பதே இப்போதைய இலக்கு. இவற்றில் முதலாவதுதான் கடினம் என்பது என் கருத்து. சிப்ஸ் பாக்கெட் ஒன்றைப் பிரித்து உட்புறத்தைப் பாருங்கள்: பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளிபோல் மின்னும் அலுமினியப் பூச்சு தெரியும். அதைப் பச்சையிலும் போட முடியாது, நீலத்திலும் போட முடியாது. அத்தகைய உறையை யார் தயாரிக்கலாம் என்பதை ஒரு மாநகராட்சி தனியாகத் தீர்மானித்துவிட இயலாது. அந்தப் பொறுப்பை உற்பத்தியாளர்கள் தலையில் சுமத்தும் சட்டத்தைக் கலிஃபோர்னியா மாநிலம் 2022-இல்தான் இயற்றியது. அதற்குத் தரப்பட்டிருக்கும் காலக்கெடு 2032.