வரப்போரச் செடிகளுக்கு ஒரு விதை வங்கி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: குளிர்பதன அறை இல்லாமல் எங்கள் ஊரில் காட்டுச்செடிகளுக்கு விதை வங்கி தொடங்க முடியுமா? (மன்னார்குடி வாசகர்)

முடியும். டெல்டாவில் விதைக்கு முதல் எதிரி ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்று. வெப்பம் அதற்கு அடுத்ததுதான். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும், வைப்பிடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அவ்வாறே என்பது இத்துறையின் பழைய கணக்கு. ஆகவே விதையை நிழலில் உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடுங்கள். மூடுமுன் விதை காய்ந்ததா என்று அறிய, உலர்ந்த கல்லுப்பை வேறொரு கண்ணாடிப் புட்டியில் கால்பங்கு இட்டு, விதையைக் கலந்து குலுக்கிச் சற்று நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் விதை இன்னும் காயவில்லை. காய்ந்த பின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியே போதும். ஆனால் வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள்: குளிர்ந்த விதையின்மேல் காற்றின் ஈரம் வியர்வையாகப் படிந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

கேள்வி: நாவல், இலுப்பை விதைகளை நன்கு காயவைத்தும் ஒன்றுகூட முளைக்கவில்லையே? (கும்பகோணம் வாசகர்)

காயவைத்ததே காரணம். இவை உலர்ந்தால் உயிர்விடும் விதைகள். முத்துப்பேட்டை அலையாத்தியின் விதையோ மரத்தில் இருக்கும்போதே காய்க்குள் முளைத்துவிடுகிறது. அதைப் புட்டியில் அடைப்பது எப்படி? இத்தகைய மரங்களுக்கு நாற்றங்காலும் ஆற்றங்கரையும் கோயில் நந்தவனமுமே வங்கி. பழம் உதிர்ந்த சில நாட்களுக்குள், சதையைக் கழுவிவிட்டு விதைத்துவிடுங்கள். (ஆடியில் நாவற்பழம் தின்று கொட்டையைத் துப்பும் பிள்ளைகள் நம்மைவிடச் சரியாகச் செய்கிறார்கள்.)

கேள்வி: கோடியக்கரைக் காட்டில் பாலை மரத்தின் விதை எடுக்கலாமா? (வேதாரண்யம் வாசகர்)

அது வனவிலங்கு சரணாலயம். வனத்துறையின் எழுத்துமூல அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. வெளியே வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் சேகரிக்கும்போதும் இடத்துக்கு உரியவரைக் கேளுங்கள். இயன்றால் 50 செடிகளிலிருந்து சிறிது சிறிதாக, அன்று முற்றியிருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் எடுங்கள்.

கேள்வி: ஓராண்டு வைத்திருந்த ஆவாரை விதை முளைக்கவில்லை. செத்துவிட்டதா? (திருவாரூர் வாசகர்)

பெரும்பாலும் உறங்குகிறது. அதன் தோல் தண்ணீரை உள்ளே விடாது. உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை விதைத்து, உப்பாதவற்றை மீண்டும் தேயுங்கள். தேய்த்தவற்றில் எத்தனை முளைத்தன என்பதைப் புட்டிக்குள் இடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.