லக்சம்பர்க்: எந்த வேலைக்கு எந்த மொழி?

கேள்வி: லக்சம்பர்க்கில் மூன்று ஆட்சிமொழிகள் என்கிறார்கள். சுவிட்சர்லாந்து மாதிரி பகுதிக்கு ஒரு மொழியா அக்கா?

பதில்: இல்லை தம்பி. சுவிட்சர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஊருக்கு ஊர் மொழி மாறும். லக்சம்பர்க்கில் வேலைக்கு வேலை மாறும். மொத்தப் பரப்பே 2,586 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் ஒருவர் வீட்டில் லக்சம்பர்கிஷ் பேசுவார், ரொட்டிக்கடையில் பிரெஞ்சில் கேட்டு வாங்குவார், ரயிலில் உட்கார்ந்து ஜெர்மன் நாளிதழ் படிப்பார். நாடாளுமன்றத்தில் விவாதம் பெரும்பாலும் லக்சம்பர்கிஷில் நடக்கும். அங்கே நிறைவேறும் சட்டமோ பிரெஞ்சில் இருக்கும். 1984ஆம் ஆண்டுச் சட்டம்தான் லக்சம்பர்கிஷைத் தேசிய மொழி ஆக்கியது. மூன்றில் எந்த மொழியில் மனு கொடுத்தாலும், முடிந்தவரை அதே மொழியில் அரசு அலுவலகம் பதில் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

கேள்வி: மொழியியல் படிக்கிறேன். லக்சம்பர்கிஷ் என்பது ஜெர்மனின் வட்டார வழக்குதானே? ஏன் தனி மொழி என்று சொல்ல வேண்டும்?

பதில்: மோசல் ஆற்றங்கரையின் ஜெர்மன் வழக்குகளோடு நெருங்கிய உறவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அந்த மக்கள் 1941இலேயே பதில் சொல்லிவிட்டார்கள். 1940 மே மாதம் நாஜி ஜெர்மனி நாட்டைப் பிடித்தது. பிரெஞ்சு மொழிக்குத் தடை. பிரெஞ்சுப் பெயர் வைத்திருந்தவர்கள்கூட ஜெர்மன் பெயருக்கு மாற வேண்டியிருந்தது. 1941 அக்டோபரில் ஒரு கணக்கெடுப்பு அறிவித்தார்கள். குடியுரிமை என்ன, தாய்மொழி என்ன, இனம் என்ன என்று அதில் கேட்டிருந்தார்கள். லக்சம்பர்கிஷ் வெறும் வழக்குமொழி, அதைத் தாய்மொழியாக எழுதக்கூடாது என்றும் அறிவுறுத்தல் இருந்தது. எதிர்ப்பு இயக்கத்தினர் ரகசியமாகத் துண்டறிக்கை விட்டார்கள்: மூன்று கேள்விக்கும் 'லக்சம்பர்கிஷ்' என்றே எழுதுங்கள். மக்கள் அப்படியே எழுதினார்கள். முதலில் பார்த்த படிவங்களிலேயே நிலவரம் தெரிந்துபோய், கணக்கெடுப்பையே கைவிட்டது ஆக்கிரமிப்பு நிர்வாகம். உயிர் போகும் ஆபத்து இருந்த காலத்தில் பேனாவால் மட்டும் நடத்திய எதிர்ப்பு அது. மொழியா வழக்கா என்பதை இலக்கணத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

கேள்வி: கணவருக்கு அங்கே மாற்றல் வந்திருக்கிறது. பையனுக்கு 5 வயது, பெண்ணுக்கு 12. பள்ளியில் எப்படிச் சமாளிப்பார்கள்?

பதில்: பையனைப் பற்றிக் கவலை வேண்டாம்மா, உள்ளூர் அரசுப் பள்ளியிலேயே சேருங்கள். அந்த வயதுக் குழந்தைகளோடு ஆசிரியர்கள் லக்சம்பர்கிஷில்தான் பேசுவார்கள், விளையாட்டிலேயே பிடித்துக்கொள்வான். 6 வயதில் எழுதப் படிக்க ஆரம்பிப்பது வழக்கமாக ஜெர்மனில், பிறகு பிரெஞ்சு சேரும். மேல்நிலையில் கணக்குப் பாடமே பல பள்ளிகளில் பிரெஞ்சுக்கு மாறிவிடும். வீட்டில் போர்ச்சுகீஸ் பேசும் பிள்ளைகள் அங்கே ஏராளம். அவர்களுக்கு ஜெர்மனில் எழுத்தறிவு என்பது பெரிய சுமை, அது நியாயமில்லை என்பது என் கருத்து. 2022 முதல் சில பள்ளிகளில் பிரெஞ்சு வழியே எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முயற்சி தொடங்கியது நல்ல மாற்றம்.

பெண்ணுக்கு 12 வயதாகிவிட்டது. திடீரென்று மூன்று புது மொழிகளில் பாடம் படிக்கச் சொன்னால் திணறிவிடுவாள். அரசே நடத்தும் ஐரோப்பியப் பள்ளிகளில் ஆங்கிலப் பிரிவு உண்டு, கட்டணமும் கிடையாது. அங்கே இடம் கேட்டு இப்போதே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: ஐடி வேலைக்கு ஆங்கிலம் போதாதா?

பதில்: அலுவலகத்துக்குப் போதும். வெளியே வந்தால் பிரெஞ்சு தேவைப்படும். பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்களே 2 லட்சத்துக்கு மேல். அதில் பாதிப்பேருக்கு மேல் பிரான்ஸ்காரர்கள். கடை, ஓட்டல், மருத்துவமனை எங்கும் அவர்கள்தான். எனவே முதலில் பிரெஞ்சு. தங்கிவிடுவதாக முடிவு செய்தால் லக்சம்பர்கிஷ்: 5 ஆண்டு வசித்த பிறகு குடியுரிமை கேட்பவர்களுக்குப் பேச்சில் ஏ2 (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் தொடக்க நிலை), கேட்டுப் புரிவதில் பி1 (இடைநிலை) அளவில் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வு இல்லை.

கேள்வி: பஸ், ரயில் எல்லாம் இலவசமாமே?

பதில்: உண்மைதான். 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் மூன்றிலும் டிக்கெட் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கும் சேர்த்துத்தான். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு.

கேள்வி: ஒரே ஒரு திருவிழா பார்க்கலாம் என்றால் எதற்கு வரலாம்?

பதில்: எக்டர்னாக் நகரின் நடன ஊர்வலத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவத் திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை, வெள்ளைக் கைக்குட்டையின் முனைகளைப் பிடித்தபடி வரிசை வரிசையாகத் துள்ளிக்கொண்டு புனித வில்லிபிரார்டின் கல்லறைக்குப் போவார்கள். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அருமையானதுதான். ஆனாலும் நான் ஈஸ்டர் திங்களைச் சொல்வேன். அன்று தலைநகரின் பழைய மீன்சந்தைப் பகுதியிலும் நோஸ்பெல்ட் என்ற குயவர் ஊரிலும் களிமண் பறவை விசில் விற்பார்கள். உள்ளங்கையில் அடங்கும், வாலில் வாய் வைத்து ஊதி, துளையை விரலால் மூடித் திறந்தால் குயில் மாதிரி இரண்டு சுரம் வரும். குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், ஆண்டுதோறும் வாங்கிச் சேர்க்கும் பெரியவர்கள் நிறைய. சீக்கிரம் போய்விடுங்கள், நல்ல பறவைகள் காலையிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளூர்ப் பண்டம் ஏதாவது?

பதில்: உருளைக்கிழங்கைத் துருவி, வெங்காயம், பார்ஸ்லி சேர்த்து எண்ணெயில் பொரிக்கும் க்ரொம்பெரெகிஷெல்ஷெர். சந்தையில் சுடச்சுடக் கிடைக்கும், ஆப்பிள் கூழ் தொட்டுச் சாப்பிடுவார்கள். முட்டை சேர்ப்பது வழக்கம், பார்த்துக்கொள்ளுங்கள். பீன்ஸ் சூப் என்றால் மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள். பன்றி இறைச்சித் துண்டு பெரும்பாலும் இருக்கும்.