யாருடைய கணக்கில் போடுவது?

கேள்வி: உர மானியம், விதை மானியம் என்று இடையில் இருப்பவர்கள் தின்பதைவிட, அமெரிக்காவைப் போல ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு விவசாயியின் வங்கிக் கணக்கிலேயே பணத்தைப் போட்டுவிட்டால் என்ன? ஊழலும் ஒழியுமே!
– வாசகர் ஒருவர், மன்னார்குடி

பதில்: போடலாம். யாருடைய கணக்கில் என்பதை முதலில் சொல்லுங்கள். அமெரிக்கா இடறி விழுந்தது அந்த இடத்தில்தான்.

1933-இல் பருத்தி விலை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. விளைச்சலைக் குறைத்தால் பணம் தருவதாக அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு அறிவித்தது. அந்த ஆண்டு மட்டும் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள். ஆர்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டி போன்ற பகுதிகளில் நிலம் பண்ணையார்களுடையது. உழைப்பு, வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்ற ஏற்பாட்டில், பயிர் செய்த வெள்ளை, கறுப்பினக் குடும்பங்களுடையது. அடுத்து வந்த ஒப்பந்தத்தில் ஒரு பவுண்டு பருத்திக்கு நில உரிமையாளருக்கு 4 சென்ட், வாரக்குடிக்கு அரை சென்ட். பயிரிடும் பரப்பு குறைந்ததும் ஆட்களும் தேவைப்படவில்லை. குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். குடிகளை இயன்றவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதைக் கண்காணிக்க வேண்டிய உள்ளூர்க் குழுக்களில் இருந்தவர்களோ பெரும்பாலும் அதே பண்ணையார்கள்.

1934 ஜூலையில் டைரன்சா என்ற ஊருக்கு அருகே 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் கூடித் தென்மாநிலக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். இனப் பிரிவினை உச்சத்தில் இருந்த காலம் அது. ஒரே சங்கத்தில் உட்காரவே எத்தனை நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! அடி உதை, துப்பாக்கிச் சூடு என்று எல்லாவற்றையும் சந்தித்தார்கள். பழைய குடிகளையே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தத்தின் பொருள் என்று வாஷிங்டனில் விளக்கம் எழுதிய அரசு வழக்கறிஞர்களை 1935 பிப்ரவரியில் வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2006-இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ ஒரு கணக்கு வெளியிட்டது. 2000-க்குப் பிறகு, விவசாயமே செய்யாதவர்களுக்குப் போன மானியம் 130 கோடி டாலர். டெக்சாஸில் ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கும் ஆண்டுதோறும் பணம் வந்துகொண்டிருந்தது. பணம் நிலத்தின் பழைய பதிவேட்டைத்தான் பார்த்தது. அந்த மண்ணில் இப்போது யார் என்ன செய்கிறார் என்று பார்க்கவில்லை. அந்த நேரடித் தொகையை 2014 சட்டத்தில்தான் நிறுத்தினார்கள்.

இங்கே மத்திய அரசின் விவசாயி உதவித்தொகைத் திட்டமான பி.எம்.கிசான் 2019 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாயைக் கணக்கில்தான் போடுகிறது. ஊழல் ஒழிந்ததா? 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் தகுதியில்லாதவர்களை லட்சக்கணக்கில் சேர்த்திருந்தது வெளிவந்தது. போன தொகை சுமார் 110 கோடி ரூபாய். அதைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. அந்தத் திட்டத்தில் நிலம் தன் பெயரில் இல்லாதவருக்கு இடமே இல்லை. வாய்மொழிக் குத்தகையில் நாற்று நட்டு, கடன் வாங்கி, வெள்ளத்தில் பயிரையும் இழப்பவர் அரசின் கண்ணில் விவசாயி அல்ல. சென்னையில் இருந்துகொண்டு பட்டா வைத்திருப்பவர் விவசாயி!

உங்கள் டெல்டாவில் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் எத்தனை பேர் குத்தகைக்கு உழுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே தமிழகத்தில் 1969-இல் சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று உரிமையாளர் அஞ்சுகிறார். கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரர் அஞ்சுகிறார். ஏக்கர் கணக்கில் மானியம் கேட்பதற்கு முன், உங்கள் ஊர் அடங்கலில் (கிராமத்தின் சாகுபடிப் பதிவேட்டில்) உழுகிறவர்களின் பெயர் ஏறியிருக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.