லாயத்தில் உதவி செய்ய எதற்குக் கட்டணம்?

கேள்வி: என் மகள் பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கிறாள். சனி, ஞாயிறுகளில் குதிரை லாயத்தில் சம்பளம் இல்லாமல் உதவி செய்ய ஆசைப்படுகிறாள். சேர்த்துவிட ஒருவர் 3,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கிறார். அவர் தரும் சான்றிதழ் கால்நடை மருத்துவப் படிப்புக்கு உதவுமாம். கட்டலாமா? குதிரை உதைக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: கட்டாதீர்கள். லத்தி அள்ளவும் தண்ணீர் தூக்கவும் வருகிற பிள்ளையிடம் காசு கேட்பவர் தரகர்தான். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறார்கள். லாயத்துச் சான்றிதழுக்கு அதில் ஒரு மார்க்கும் கிடையாது. டாக்டர் கனவோடு இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரைக் குறிவைத்தே இந்த ஆட்கள் அலைகிறார்கள்.

பணம் கொடுப்பது நியாயமாகும் இடம் ஒன்று உண்டு: குதிரையேற்றப் பயிற்சி. அங்கே பயிற்சியாளரின் நேரமும் குதிரையின் உழைப்பும் செலவாகின்றன. கட்டணம் கேட்பதில் தப்பில்லை. ஆனால் லாயக்காரரிடமே நேரில் கொடுத்து, எத்தனை வகுப்பு என்று எழுதிய ரசீது வாங்குங்கள். 'உதவிக்கு வரட்டும், அப்படியே ஏறவும் சொல்லித் தருகிறோம்' என்று இரண்டையும் கலந்து பேசினால் பிரித்துக் கேளுங்கள்: இதில் வேலை எது, வகுப்பு எது? பதில் சொல்லத் திணறினால் வந்துவிடுங்கள்.

மாவட்டந்தோறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001-லேயே விதி போட்டாயிற்று. இப்படி வரும் பிள்ளைகளை நல்ல இடமாகப் பார்த்து அனுப்ப அதைவிடப் பொருத்தமான அமைப்பு எது? ஆனால் அப்படி ஒன்று இருப்பதே சாதாரண ஜனங்களுக்குத் தெரியாது. தரகர் நுழைகிற சந்து அதுதான்.

சரி, லாயம் நல்லதா என்று நீங்களே பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறதா பாருங்கள். ஒரு குதிரை நாளுக்குச் சுமார் 25 முதல் 40 லிட்டர் குடிக்கும். நம் ஊர் வெயிலில் இன்னும் கூடும். அப்புறம் ஒரு குளம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அடியில் உள்ள மெத்தென்ற முக்கோணப் பகுதி கறுத்து, கசிந்து, அழுகல் நாற்றம் அடித்தால், ஈரத்திலேயே நிற்கவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உதைக்கும் பயம் நியாயமானதே. நேர் பின்னால் நிற்பது குதிரைக்குத் தெரியாது. திடுக்கிட்டால்தான் பெரும்பாலும் உதைக்கும். பேசிக்கொண்டே இடது தோள் பக்கமாகப் போக வேண்டும். பின்பக்கம் கடக்க நேர்ந்தால் பத்தடி தள்ளிப் போகச் சொல்லுங்கள். காதைப் பின்னுக்கு மடக்கினால் விலகிவிட வேண்டும். இதைவிட நான் அஞ்சுவது கயிற்றை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கும்போது குதிரை மிரண்டு ஓடினால் விரலே போய்விடும். மடித்துப் பிடிக்கலாம், சுற்றவே கூடாது.

பிரியத்தில் சோறு, பிரசாதம் என்று எதையும் ஊட்ட வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளாதது வயிற்றுவலியாகி உயிரையே எடுக்கும்.

லத்தியிலும் லாயத்து மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். போவதற்கு முன் மகளுக்குத் தடுப்பூசி பாக்கி இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். செருப்போடு அனுப்பாதீர்கள், கெட்டியான ஷூ வேண்டும். முதல் சில வாரங்கள் நீங்களும் கூடப் போங்கள்.