அவள் விரல் எதைக் காட்டுகிறது?

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. பிறந்த மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்திருந்ததாக எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. இப்போது ‘அம்மா’, ‘காக்கா’, ‘தா’ மட்டும்தான் சொல்கிறாள். பேச்சுக்கான இடமே அடிபட்டுவிட்டது, இனிப் பேச்சு வராது என்கிறார் மாமியார். அப்படியா?
– வாசகி, தேனி

பதில்: உங்கள் மாமியார் பக்கவாதம் வந்த பெரியவர்களைப் பார்த்திருப்பார். அறுபது வயதில் இடது மூளை அடிபட்டால் பேச்சு போய்விடுவது உண்டுதான். பச்சைக் குழந்தைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதன் மூளையில் வேலைப் பிரிவினை இன்னும் முடிந்திருக்காது. இடது பக்கம் செய்ய வேண்டியதை வலது பக்கம் ஏற்றுக்கொள்ள முடியும். பேச்சு தாமதமாகலாம், ஆனால் இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பேசிவிடுகிறார்கள். வலிப்பு திரும்பத் திரும்ப வந்தால்தான் சிக்கல். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சொற்களை எண்ணுவதோடு அவள் கையையும் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே போன்ற பாதிப்புள்ள 11 குழந்தைகளைக் கவனித்து, 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 18 மாதத்தில் பாதிப்பில்லாத பிள்ளைகள் அளவுக்குச் சைகை காட்டியவர்களின் சொல்வளம் பிறகு அவர்களுக்கு இணையாக வளர்ந்தது. சைகை குறைந்தவர்கள் பின்தங்கினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் வீட்டிலேயே கவனிக்கக்கூடிய விஷயம். வலது கையை இயக்குவது இடது மூளைதான்; அதனால் வலது கை சரியாக எழாவிட்டால் இடது கையால் காட்டுவாள், அதுவும் கணக்குதான்.

அவள் ஃபேனைக் காட்டினால் சும்மா போட்டுவிட்டு நகராதீர்கள். “ஃபேன் வேணுமா? இந்தா, ஃபேன் சுத்துது பாரு” என்று பேசுங்கள். பெற்றோர் எவ்வளவு பேசுகிறார்களோ, அதற்கேற்பச் சொல்வளம் கூடுவது இந்தக் குழந்தைகளிடமும் தெரிந்திருக்கிறது. செல்போன் பாட்டு இதற்கு ஈடாகாது.

“இவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான்” என்று யாராவது சொல்வார்கள். சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். அப்புறம் அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போங்கள். பேச்சுப் பயிற்சி அங்கே இலவசம். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு, அவள் சொல்லும் சொற்களையும் காட்டும் சைகைகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ‘காக்கா’ என்பது காக்காவுக்கு மட்டுமா, எல்லாப் பறவைக்குமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டாயம் கேட்பார்கள்.